வண்டியில் ஏறியவனுக்குத்தான் பங்கு

ஓய்வூதியம் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் போதும், என் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. "அண்ணே, பழைய பென்ஷன் திரும்ப வருதாமே, நெசமா?" என்று ஒருவன் கேட்பான். "புதுசா என்னமோ அறிவிச்சிருக்காகளாம், எங்ககிட்ட பிடிச்ச காசு என்னாகும்ணே?" என்பான் இன்னொருவன். எல்லாரும் நான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்துப் பையன்கள். பையன்கள் என்று சொன்னாலும் சிலருக்குத் தலை நரைத்துவிட்டது. நான் ஏதோ நிதித் துறையில் செயலாளராக இருந்து வந்தவன் மாதிரி கேட்கிறார்கள். குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைப்பேன். அதன் பிறகு அன்றைக்குப் பூராவும் மனசு சரியாக இருக்காது. ஏன் என்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஒன்றும் இல்லை.

என் பெயர் காளிமுத்து. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேல முள். மழை சேர்ந்தாற்போலப் பொய்த்த ஒரு சமயத்தில்தான் தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுத்தார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடு என்றார்கள், ஓடினேன். ஏணியில் ஏறு என்றார்கள், ஏறினேன். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரிலிருந்து வந்தவனிடம், குழாயைத் திறந்து அத்தனை தண்ணீரையும் வெறும் சுவரில் அடி என்று சொன்னபோது மட்டும் கை வரவில்லை. அதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடும் தண்டனையும் வாங்கினேன். பிறகு பல ஊர், பல நிலையம். கடைசியாக இராமேஸ்வரம் பக்கத்தில் கடலோரத்து நிலையம் ஒன்றுக்கு வந்து, அங்கேயே லீடிங் ஃபயர்மேனாக ஓய்வு பெற்றேன். வண்டியில் போகிற குழுவுக்கு மூத்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலைய அலுவலர் தங்கவேல் ஐயா. நான் பார்த்த அதிகாரிகளில் சத்தம் போடாதவர் அவர் ஒருவர்தான். சத்தம் போடுகிறவர்களிடம் வராத பயம் அவரிடம் வரும். தீ என்று தொலைபேசியில் அழைப்பு வந்ததும் நிலையத்தில் மணி அடிக்கும். நாங்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடி ஏறுவதற்குள் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். போகும் வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். போய் இறங்கியதும் ஊரே "தண்ணிய அடிங்கய்யா" என்று கத்தும். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல், எரிகிற இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மின்கம்பி எங்கே போகிறது, அடுத்த கூரை எவ்வளவு தூரம், உள்ளே ஆள் உண்டா, எல்லாம் அந்த ஒரு சுற்றில் பார்த்துவிடுவார். "வீடு எரியுது, இந்த மனுசன் கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி சுத்துறாரு" என்று ஏசுவார்கள். சுற்றி முடித்த பிறகுதான் எங்களுக்கு உத்தரவு வரும்.

இன்னொரு பழக்கம், ஆள் எண்ணுவது. உள்ளே போகுமுன் எங்களை எண்ணுவார், வெளியே வந்ததும் எண்ணுவார், வண்டி கிளம்புமுன் ஒரு தடவை எண்ணுவார். விரல் நீட்ட மாட்டார். உதடு மட்டும் அசையும். கணக்குச் சரியாக வந்தால்தான் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைப்பார். அவர் தொப்பியைக் கழற்றினால் வேலை முடிந்தது என்று எங்களுக்கு அர்த்தம்.

சந்தியாகு தங்கச்சிமடத்துக்காரன். தலைமுறை தலைமுறையாகக் கடல் தொழில். அண்ணன் தம்பிகள் எல்லாம் படகில் போக, இவன் ஒருவன் மட்டும் காக்கியைத் தேடி வந்தான். வந்த அன்றைக்கே கேட்டேன், "ஏலே, கடல்ல கெடந்த பயலுக்கு நெருப்புல என்னடா வேலை?" என்று. "அங்கன தண்ணி கையில நாம இருந்தோம்ணே. இங்கன தண்ணி நம்ம கையில இருக்குல்ல" என்றான். அவன் பேச்சு அப்படித்தான். கிணற்றில் விழுந்தவரையோ, அமாவாசைக் கூட்டத்தில் குளிக்க இறங்கி ஆழத்துக்குப் போனவரையோ எடுக்க வேண்டுமென்றால் அவனை விட்டால் ஆளில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முங்கிவிடுவான், கரையில் நிற்கிற எங்களுக்கு மூச்சு முட்டும்.

ஒரு நாள் மிளகாய்க் குடோன் ஒன்றில் தீ. அடுப்பில் ஒரு வத்தல் விழுந்தாலே அண்டை வீடு தும்மும். அங்கே கூரை வரை மூட்டை. மூச்சுக் கருவி எல்லாருக்கும் போதவில்லை. மிளகாய் ஊர்க்காரனுக்கு மிளகாய்ப் புகை என்ன செய்யும் என்ற திமிரில், ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு பின் கதவு வழியாகக் குழாயோடு போனேன். நாலு எட்டு வைத்ததுதான் நினைவிருக்கிறது. வெளியே ஐயா எண்ணியிருக்கிறார், ஒன்று குறைந்திருக்கிறது. "காளிமுத்து" என்று மட்டும் சொன்னாராம். சந்தியாகு கடலுக்குள் முங்குகிற மாதிரியே ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வெளியே போட்டான். கண் திறக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். "உசுரக் குடுத்துட்ட. ஒனக்கு நான் என்னடா செய்யப்போறேன்?" என்றேன். "பென்ஷன் வாங்குறப்ப பாதியக் குடுங்கண்ணே. எனக்குத்தான் அது கெடையாதுல்ல" என்று சிரித்தான்.

சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் விஷயம் உண்மை. இரண்டாயிரத்து மூன்று ஏப்ரலுக்கு முன்பு வேலையில் சேர்ந்த என் மாதிரி ஆள்களுக்குப் பழைய ஓய்வூதியம். சாகிறவரை மாதாமாதம் வரும், போன பிறகு மனைவிக்கு ஒரு பகுதி வரும். அதற்குப் பின்னால் சேர்ந்த சந்தியாகு மாதிரி ஆள்களுக்குச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைப்பார்கள், அரசாங்கமும் அதே அளவு போடும், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை கையில் வரும். அதோடு சரி. ஒரே வண்டி, ஒரே குழாய், ஒரே புகை. நெருப்புக்கு நாங்கள் எந்த வருடத்து ஆள் என்று தெரியாது. காகிதத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்த வித்தியாசம் எங்களுக்கு உறைத்தது வேறொரு நிலையத்துத் தம்பி ஒருவன் இறந்தபோதுதான். அவனும் புதுத் திட்டத்து ஆள். துண்டை விரித்து வசூல் செய்து அவன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டே வாங்கியது. எங்களில் ஒருத்தர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில், வண்டியில் வாயே திறக்காத ஐயா அன்றைக்குப் பேசினார். "செத்தபிறகு துண்டு விரிக்கிறது, எரிஞ்சு முடிஞ்சபிறகு தண்ணி அடிக்கிற மாதிரிப்பா. முன்னாடியே சேர்த்து வைக்கணும்."

அடுத்த சம்பளத்திலிருந்து நிலையத்துக்கென்று ஒரு நிதி சேர்த்தோம். பழைய ஓய்வூதியக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போடுவது, ஆனால் எடுப்பதில்லை. புது ஆள்களுக்கு ஏதாவது ஆகி வேலைக்கு வர முடியாமல் போனால், அந்த நிதியிலிருந்து வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை. அரசாங்கம் கொடுக்காத ஓய்வூதியத்தை நாமே கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயா பொறுப்பில் பணம் இருந்தது.

யாருக்கு எப்போது கொடுப்பது என்பதில்தான் இழுபறி. காயப்போட்ட குழாய்களுக்கு நடுவே, நிலையத்து வளாகத்தில் கூடி உட்கார்ந்து பேசினோம். "காய்ச்சல்ல படுத்தாலும் குடுக்கணுமா?" என்றான் ஒருவன். "குடிச்சுட்டு பைக்க விட்டு விழுவான், அவனுக்கும் நாம அழணுமா?" என்றான் இன்னொருவன். பேச்சு சண்டையாகிற நேரத்தில் சந்தியாகு எழுந்தான்.

"எங்க கடக்கரையில ஒரே சட்டந்தாண்ணே. படகுல ஏறுனவனுக்குத்தான் பங்கு. ஓனரு மகனா இருந்தாலும் அன்னைக்கு ஏறலையின்னா பங்கு கெடையாது. நேத்து வந்த பயலா இருந்தாலும் ஏறுனா அவன் பங்கு அவனுக்கு. யாரும் யாருக்கும் தயவு பண்ணல. அதே மாதிரி வச்சுக்கிருவோம். ஃபயர் காலுக்கு மணி அடிச்சு, வண்டியில ஏறிப் போன எடத்துல ஆனாத்தான் இந்தக் காசு. அப்பத்தான் வாங்குறவன் தலை நிமிந்து வாங்குவான்."

எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். எங்கள் ஊரில் வேறு மாதிரி. அறுப்புக் களத்தில் வேலை செய்தவன், செய்யாதவன் எல்லாருக்கும் ஆளுக்கொரு படி தானியம் உண்டு. ஆனால் அந்தப் படியை வாங்குகிறவன் களத்தின் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சின்ன வயசில் அதைப் பார்த்து எனக்கு அவமானமாக இருக்கும். அதனால் சந்தியாகு சொன்ன சட்டம் எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது. தயவு இல்லை, குனிவு இல்லை. ஐயா மட்டும் கை தட்டவில்லை. "நாம தீயில மட்டுந்தான் விழுவோமாப்பா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். தீயணைப்புக்காரன் தனக்குச் சாவு வந்தால் அது நெருப்பில்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறவன். வழுக்கி விழுவோம், வயசாகும் என்பதெல்லாம் அவனுக்குத் தோன்றாது.

சில வருடம் அந்த நிதியைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. பிறகு ஒரு தீத்தொண்டு வாரம் வந்தது. அந்த வாரத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தங்கும் விடுதி என்று போய், தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று செய்து காட்டுவோம். இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். யாத்திரை வந்தவர்கள், விடுதி வேலையாட்கள் என்று கீழே நல்ல கூட்டம். சந்தியாகு மாடியிலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்ட வேண்டும். அவனுக்கு அது பல் துலக்குகிற மாதிரி வேலை. கயிற்றைக் கைப்பிடிச் சுவரின் தூணில் கட்டினான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நானும் கீழேயிருந்து இழுத்துப் பார்த்தேன். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருந்தது. உள்ளே கம்பியை உப்புக்காற்று தின்றுவிட்டிருந்ததை யார் கண்டார்கள்? ஜனங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு அவன் பின்னால் சாய்ந்தான். சுவர் அவனோடு வந்தது.

கூட்டத்தில் சில பேர் அதுவும் செய்து காட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐயா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். சந்தியாகு கிடந்த இடத்தில் மண்டியிட்டு, அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டே, எங்களைப் பார்த்து உதட்டை அசைத்தார். எண்ணினார்.

முதலில் இராமநாதபுரம் ஆஸ்பத்திரி, பிறகு மதுரை. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், இடுப்பு மட்டும் பழையபடி ஆகாது என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவைத் துறை பார்த்துக்கொண்டது. அவன் கைத்தடி ஊன்றி வீட்டுக்கு வந்ததும், நாங்கள் நாலைந்து பேர் நிதியிலிருந்து முதல் மாதத் தொகையை எடுத்துக்கொண்டு தங்கச்சிமடம் போனோம். அவன் மனைவி ஸ்டெல்லா டீ கொடுத்தது. நான் கவரை அவன் கையில் வைத்தேன். திறந்து பார்க்காமலே என் சட்டைப் பையில் திருப்பி வைத்தான்.

"இது ஃபயர் கால் இல்லையேண்ணே."

"யாருடா இப்பக் கணக்குப் பாக்குறா?"

"நாந்தானண்ணே சட்டம் சொன்னேன். மணி அடிச்சுச்சா? எங்கயும் எரிஞ்சுச்சா? லாட்ஜுல போயி ஊருக்குப் படம் காட்டினோம். அதுக்கெப்படிப் பங்கு கேப்பேன்?"

"கிறுக்கா, வேலையில இருக்கப்பத்தானடா விழுந்த."

"நாளைக்கு இன்னொருத்தன் ஏணி தொடைக்கையில விழுவான். அவனுக்கு இல்லையிம்பீகளா? எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமாண்ணே?"

எல்லாருக்குமே கொடுப்போம் என்று சட்டத்தை மாற்றிவிட்டு மறுபடி போனோம். "நான் விழுந்தபிறகு மாத்துன சட்டம் எனக்குச் செல்லாது" என்றான். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் ஐயாவும் நானும் மட்டும் போனோம். ஐயா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் நிலையத்தில் எழுதுகிற ஒவ்வொரு வரியும், மணி முதற்கொண்டு, அப்படியே நடந்ததாக இருக்கும். நாங்கள் கால் மணி தாமதமாகப் போன அழைப்பைக்கூட ஒரு நிமிடம் குறைத்து எழுதாதவர். அவர் சொன்னார், "சந்தியாகு, அன்னைக்கு அந்த லாட்ஜுல அடுப்பங்கரையில புகை வந்துச்சு, அங்கிருந்து போன் வந்துச்சுன்னு எழுதிடுறேன்பா. அப்ப அது ஃபயர் கால்தானே."

சந்தியாகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஐயா, உங்க கையால பொய் எழுத வச்சுட்டு நான் சோறு திங்கவா? வேணாங்கய்யா" என்றான். ஐயா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாம்பன் பாலத்தில் திரும்பி வரும்போது, "நல்லவேளை, வேணாம்னுட்டான். எழுதியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

துறையில் அவனுக்குத் தொலைபேசி எடுக்கிற வேலை கொடுத்தார்கள். அழைப்பை வாங்கி, ஊரைக் கேட்டு, மணியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தில் சம்பளம். ஆனால் அவன் மணியை அடித்துவிட்டு, நாங்கள் ஓடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வண்டி வெளியே போகும்வரை நிற்பான். ஒரு நாள் கிணற்றில் யாரோ விழுந்துவிட்டதாக அழைப்பு. மணியை அடித்துவிட்டு அவனும் தடியைப் போட்டுவிட்டு ரெண்டு எட்டு ஓடி வந்து விழுந்தான். அதன் பிறகு இருபது வருட சர்வீஸ் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டான். மொத்தமாக வந்த தொகை, மகள் கல்யாணத்துக்கும், பிற்பாடு இடுப்புக்குப் பார்த்த வைத்தியத்தின் கடனுக்கும் சரியாகப் போனது. மாதாமாதம் வருவது என்று ஒன்றும் கிடையாது. வலை பழுது பார்த்துக் கொடுத்து ஏதோ சம்பாதித்தான்.

அதற்குள் நானும் ஓய்வு பெற்றிருந்தேன். மாதம் பிறந்தால் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அவன் முகம்தான் வரும். சம்பாதித்த பணம்தான், திருடினதில்லை. ஆனாலும் கூசும். பஸ் ஏறித் தங்கச்சிமடம் போவேன். போகும்போதெல்லாம் பணம் கொண்டுபோவேன். "பாதி பென்ஷன் குடுங்கன்னு நீதானடா கேட்ட?" என்று ஒரு தடவை சண்டையே போட்டேன்.

"அன்னைக்கு மிளகாக் குடோனுக்கு மணி அடிச்சுப் போனோம். இழுத்துப் போட்டேன். அதுக்கு அரசாங்கம் சம்பளம் குடுத்துருச்சு. கணக்கு முடிஞ்சுபோச்சுண்ணே" என்றான். பிறகு உள்ளே திரும்பி, "ஏத்தா, அண்ணன் பசியா இருக்காக. எலையப் போடு" என்று குரல் கொடுத்தான்.

அந்த வீட்டுக் குழம்பைச் சொல்ல வேண்டும். அவ்வளவு நொடித்த வீட்டில் மீன் மட்டும் அன்றைக்குப் பிடித்த மீனாக இருக்கும். கண் தெளிவாக, சதை கல் மாதிரி. புளி கரைத்து ஊற்றி ஸ்டெல்லா வைக்கிற குழம்புக்கு நான் அடிமை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். கடல்காரன் வீட்டில் மீனுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொள்வேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, கொண்டுபோன பணத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இடுப்பு வலிக்காக வருடக்கணக்கில் அவன் விழுங்கிய மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவன் அடக்கத்துக்கு நிலையத்தில் பணியில் இல்லாதவர்கள் அத்தனை பேரும் வந்தோம். ஐயாவும் ஓய்வு பெற்று மதுரையில் இருந்தார், தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்து எல்லாரும் வாசலுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், உதடு அசைந்தது. மறுபடி ஒரு தடவை அசைந்தது. தொப்பி இல்லாத தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். மாதா கோயிலிலிருந்து வந்து ஸ்டெல்லாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடலுக்குப் போய்வந்த கோலத்தில் ஒருவர் ஈர லுங்கியோடு வந்தார். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், அடுப்பங்கரை ஜன்னலில் ஒரு பையை வைத்துவிட்டு அப்படியே போய்விட்டார். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாரு தாயி அது? கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலையே" என்றேன்.

"அது கறிமீன்ணே. கூப்பிடக் கூடாது."

நான் விழித்ததைப் பார்த்து ஸ்டெல்லாவே சொன்னது. "தொழிலுக்குப் போக முடியாத வீட்டுக்கு, அடுப்புல கொழம்பு கொதிக்கட்டும்னு படகுல இருந்து ஒரு பிடி வாரதுண்ணே. பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருவாக. இது கணக்குல வராது. குடுக்குறவுகளும் சொல்ல மாட்டாக, வாங்குறவுகளும் கேக்க மாட்டாக."

"இந்த மாசமாத்தான் வருதா?"

"அவுக இடுப்பு ஒடிஞ்ச நாள்ல இருந்து வருது. இன்னைக்கு ஒரு படகு, நாளைக்கு ஒரு படகு."

"அவன் வேணாம்னு சொல்லலையா?"

ஸ்டெல்லா என்னை விநோதமாகப் பார்த்தது. "கறிமீன யாராச்சும் வேணாம்பாகளாண்ணே? கடலுக்கே பொறுக்காது."

 "நாங்களும் எத்தனையோ தடவை கொண்டு வந்தோமே தாயி" என்றேன்.

"நீங்க பங்குன்னு கொண்டு வந்தீக. கவருல போட்டு, கையில குடுத்து, அதுக்கு சட்டமும் பேசுனீக. வண்டியில ஏறாத மனுசன் பங்க எப்படிண்ணே வாங்குவாக? ஒண்ணும் பேசாம அந்த ஜன்னல்ல வச்சுட்டுப் போயிருந்தா நானே எடுத்து உள்ள வச்சிருப்பேன். அவுகளும் என்னன்னு கேட்டிருக்க மாட்டாக."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்கதான் அதை இங்கன உக்காந்து சாப்பிட்டீகளேண்ணே" என்றது ஸ்டெல்லா. "தெரியும்னுல்ல நெனச்சேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. நெசமாகவே எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறது. படகு போகிற கரைக்கு அத்தனை வருடம் பக்கத்தில் வேலை பார்த்தவன், அந்த வீட்டில் கை நனைத்தவன், இது தெரியாதவனாக இருப்பேன் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றும்? சந்தியாகு அன்றைக்குச் சொன்னது அவர்கள் கரையின் பாதிச் சட்டம். மீதிப் பாதியை யாரும் சொல்கிற வழக்கமே இல்லை. அது என் இலையில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. நான் ருசியைத்தான் பார்த்தேன்.

இப்போது மாதம் பிறந்து குறுஞ்செய்தி வந்ததும் வங்கிக்குப் போய், வந்த ஓய்வூதியத்தில் பாதியை எடுக்கிறேன். பஸ் ஏறித் தங்கச்சிமடத்தில் இறங்கி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். கவரில் போடுவதில்லை, ஒரு மஞ்சள் பைதான். ஸ்டெல்லா உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும், எட்டிப் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் போகும்போது பை துவைத்து மடித்து அதே இடத்தில் இருக்கும். முறை எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி கேட்டவன்தான் இல்லை.